வேற்றுக் கை

கட்டடப் படம் ஒன்றில் சுவரின் ஒரு கோட்டைச் சுட்டி எடுத்துவிட்டு, அடுத்த கோட்டையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று மவுஸை அழுத்தும்பொழுது, முதலில் எடுத்த கோடு பிடிவிட்டுப் போய்விடுகிறது. மூன்றாவதைத் தொட்டால் இரண்டாவது நழுவுகிறது. நேற்று மாலை வரையில் கோடு கோடாகத் தொட்டுத் திரட்டிக்கொண்டிருந்த அதே விரலுக்கு, இன்று காலையில் ஒரு சமயத்தில் ஒரு கோட்டுக்கு மேல் வசப்படுவதில்லை. ஆட்டோகேட் மென்பொருளோடு நாள் முழுவதும் புழங்குகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதன்று. இளம் வரைவாளர் எழுந்து போய்த் தம் மூத்தவரிடம், "சார், நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா மாறிடுச்சு" என்பார். மூத்தவர் வந்து, நாற்காலியில் உட்காராமலே குனிந்து, பிக்ஆட் என்று தட்டி, எண் இரண்டைக் கொடுத்து, என்டரை அழுத்துவார். கோடுகள் மறுபடியும் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். இருவரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னபடி நடக்கவுமில்லை. பிராப்பர்ட்டீஸ் பட்டையின் உச்சியில், பெயரெழுத்து எதுவும் இல்லாத சின்னஞ்சிறு பொத்தான்கள் சில வரிசையாக இருக்கின்றன. புதிதாகத் தொட்ட கோடு முந்தையவற்றோடு சேரவேண்டுமா, அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நிற்கவேண்டுமா என்ற பிக்ஆட் அமைப்பைத் தீர்மானிப்பது அவற்றுள் ஒன்று. பட்டையை நகர்த்தவோ மூடவோ போன கை சற்றுத் தவறி அதன்மேல் பட்டுவிட்டால் போதும். எச்சரிக்கை ஒன்றும் எழாமல், பொத்தானின் மேலுள்ள நுண்ணிய படம் மட்டும் உருமாறி, அந்த க்ஷணத்திலிருந்து வேலையின் விதியே வேறாகிவிடும். பட்ட கை அவருடையதாகவே இருக்கலாம். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்த சமயத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அளவைச் சரிபார்த்தவருடையதாக இருக்கலாம். எவரோ எங்கோ எழுதி இங்கே வந்துசேர்ந்த ஒரு சிறு நிரலினுடையதாகவும் இருக்கலாம். யந்திரத்தில் எதுவும் தானாக மாறுவதில்லை. மாற்றம் என்று ஒன்று நேர்ந்தால் அதன் பின்னால் ஒரு கை இருந்தே தீரும். அந்தக் கை இன்னதென்று அறிந்துகொள்ளும் வழிதான் உழைக்கிறவனுக்குத் திறந்துவைக்கப்படவில்லை. என் விசாரமெல்லாம் அதைப் பற்றியதே.

இதை அற்ப அசௌகரியம் என்று கழித்துவிடுகிறவர்கள், தேர்ந்த கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். நல்ல வரைவாளர் ஒருவரின் இடக்கை விசைப்பலகையின் ஓரத்திலேயே குடியிருக்கும். எல் என்ற எழுத்துக்குக் கோடு, எம் என்ற எழுத்துக்கு நகர்த்தல், ஸ்பேஸ் விசைக்கு 'ஆகட்டும்' என்ற சம்மதம் என, கண் ஒரு தடவைகூடக் கீழே இறங்காமல் கட்டளைகள் போய்க்கொண்டேயிருக்கும். வலக்கை மவுஸின் சக்கரத்தை உருட்டிப் படத்தை அருகே இழுத்தும் தூரத்தில் தள்ளியும், திரையில் நகரும் அம்புமுனையைக் கோட்டின் நுனிக்குக் கொண்டுபோய், அது நுனியைப் பற்றிக்கொண்டது என்பதைக் காட்டும் சிறு சதுரம் தோன்றிய மாத்திரத்தில் அழுத்திவிடும். சதுரம் தோன்றிற்றா என்றுகூட அநேகமாய்ப் பிரக்ஞையோடு பார்ப்பதில்லை. அவருடைய மனம் அப்பொழுது படிக்கட்டின் தலையிடிக்கும் உயரத்தில், உத்தரத்துக்கும் குழாய்க்கும் இடையே மிச்சமிருக்கும் இடைவெளியில், சஞ்சரித்துக்கொண்டிருக்கிறது. ஆப்பிள் கம்பெனியில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், மனிதனுடைய கவனம் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும் என்பதையும், மற்றவற்றையெல்லாம் பழக்கம் ஏற்றுக்கொள்வதாலேயே அது அங்கே நிலைக்க முடிகிறது என்பதையும் அடிப்படையாக வைத்து, ஒரே விசை வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு காரியம் செய்யும்படி அமைந்த கருவிகளை வன்மையாகக் கண்டித்தார். இன்று உலகம் முழுவதும் வெட்டி ஒட்டும் முறையை நமக்குத் தந்தவர்களுள் முதன்மையானவரான லாரி டெஸ்லர், அத்தகைய நிலைபேதங்களே கூடாது என்ற கட்சியைத் தம் காரின் எண் பலகையிலும் பொறித்துவைத்துக்கொண்டார், அவ்வளவு தீவிரம். அவர்கள் இருவரும் எழுத்து வேலையை மனத்தில் கொண்டு பேசியவர்கள். வரைகலை மென்பொருளோ நிலைபேதங்களாலேயே கட்டப்பட்ட மாளிகை. அவற்றை அடியோடு ஒழிக்க இயலாது. ஒழிக்க இயலாத இடத்தில், அவற்றை மாற்றுகிறவனுக்கு உள்ள பொறுப்பு பன்மடங்காகிறது.

அம்புமுனை கோட்டின் நுனியைத் தானே பற்றிக்கொள்ளும் இந்தக் குணம், கணினி வரைகலை பிறந்தபொழுதே உடன்பிறந்தது. 1963இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஆய்வின் பயனான ஸ்கெட்ச்பேட், லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 என்னும் பெருங்கணினியில் ஒளிப்பேனாவைக் கொண்டு வரையச் செய்தது; கை நடுங்கிப் பேனா கோட்டுக்குச் சற்று அருகே நின்றாலும், அருகிலுள்ள கோட்டின்மேலோ புள்ளியின்மேலோ நின்றதாகவே அது எடுத்துக்கொண்டது. மனிதக் கையின் பிழையை மன்னித்து, அவன் நினைத்த இடத்தைக் கணித்துத் தருவது என்ற அந்தக் கருணையிலிருந்துதான் இத்துறையின் நுட்பமெல்லாம் கிளைத்தது. ஆட்டோகேடில் அதற்கு ஓஸ்நாப் என்று பெயர். எந்தெந்த இடங்களை முனை பற்றவேண்டும் என்ற விருப்பம், ஓஎஸ்மோட் என்ற ஒரே ஓர் எண்ணில் அடங்கிக் கிடக்கிறது. நுனிக்கு 1, நடுப்புள்ளிக்கு 2, வட்டத்தின் மையத்துக்கு 4, இரு கோடுகள் வெட்டும் இடத்துக்கு 32 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும். இந்த நான்கையும் விரும்புகிறவருடைய எண் 39. ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்துத் தம் கைக்கு இசைவாகக் கண்டடைந்த ரசனை, ஈரிலக்க எண்ணாகச் சுருங்கி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சில சமயம் முனை எதையும் பற்றாமல் சுதந்திரமாக நகரவேண்டியிருக்கும். அப்பொழுது எஃப்3 விசையை அழுத்தினால் ஓஸ்நாப் அணைந்துவிடும். அணைக்கும்பொழுது மென்பொருள் அந்த 39ஐ அழிப்பதில்லை. அதனோடு 16384ஐக் கூட்டி 16423 என்று எழுதிவைத்துக்கொள்கிறது. மறுபடி அழுத்தினால் கூட்டியதைக் கழித்துவிட்டு, பழைய நான்கு விருப்பங்களையும் குறைவின்றித் திருப்பித் தருகிறது. டைன்மோட் என்ற இன்னோர் அமைப்பில், இயங்கும் நிலையில் 3 என்றிருப்பது அணைத்தபின் கழித்தல் 3 ஆகிறது. அங்கும் குறியை மட்டும் மாற்றி மதிப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதை வகுத்தவர் எவரோ, பிறருடைய விருப்பத்தை ஒதுக்கிவைப்பதற்கும் அதை அழிப்பதற்கும் உள்ள பேதத்தை உணர்ந்தவர். அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஏனெனில் ஓஎஸ்மோடுக்கு நேரே பூஜ்யத்தைக் கொடுத்தாலும் ஓஸ்நாப் நிற்கத்தான் செய்யும். ஆனால் அந்த 39 அதன்பின் எங்கும் இல்லை. எஃப்3ஐ எத்தனை தடவை அழுத்தினாலும் திரும்பி வருவதற்கு எதுவும் மிச்சமிராது.

பூஜ்யத்தைக் கொடுக்கிறவர் யார்? பெரும்பாலும் ஒரு லிஸ்ப் நிரல். 1986இல் ஆட்டோலிஸ்ப் என்ற மொழி ஆட்டோகேடுக்குள் புகுந்தது முதல், வரைவாளர்களே தங்களுக்கு வேண்டிய சிறு நிரல்களை எழுதிக்கொள்ளவும், ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளவும் தலைப்பட்டார்கள். கதவு வரைய ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று, கம்பி அட்டவணைக்கு ஒன்று என்று இன்றைக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்புறை நிறைய அவை இருக்கும். இவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு நியாயமான கஷ்டம் உண்டு. நிரல் தான் கணக்கிட்ட புள்ளிகளைக் கோடு வரையும் கட்டளைக்குக் கொடுக்கும்பொழுது, அருகிலே வேறொரு கோட்டின் நுனி இருந்தால், மனிதக் கைக்குக் காட்டும் அதே கருணையை ஓஸ்நாப் அதற்கும் காட்டி, சரியாகக் கணக்கிட்ட புள்ளியைத் தப்பான நுனிக்கு இழுத்துச் சென்றுவிடும். அதைத் தடுக்கவே நிரல் தொடக்கத்தில் ஓஎஸ்மோடின் மதிப்பை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, பூஜ்யமாக்கி, தன் வேலையை முடித்து, கடைசி வரியில் பழைய மதிப்பைத் திரும்ப வைக்கிறது. நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் வரைகிறவர் பாதியில் மனம் மாறி எஸ்கேப் விசையை அழுத்திவிட்டால், நிரல் அந்த இடத்திலேயே அறுந்துபோகிறது. கடைசி வரி ஓடுவதில்லை. எழுதிவைத்த 39ஐ எடுத்து வைப்பார் இல்லை. அறுந்துபோகும் தறுவாயிலும் தவறாமல் ஓடுவதற்கென்றே பிழைகாக்கும் ஒரு பகுதியை எழுதிக்கொள்ள லிஸ்ப் மொழி வழிவைத்திருக்கிறது. நான்கைந்து வரிகளுக்கு மேற்படாது. அண்டை வீட்டிலிருந்து அரிவாள்மணையை இரவல் வாங்கினவள், சமையல் பாதியில் நின்றுபோனாலும் அதைக் கழுவித் துடைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாளே, அந்த மரியாதைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கைமாறி வரும் நிரல்களில் அந்த வரிகள் எத்தனையோ தடவை காணப்படுவதில்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வேலை நடக்கும்பொழுது காட்டும் சாமர்த்தியத்தில் கால்பங்கை, வேலை கெடும்பொழுது என்ன ஆகும் என்ற யோசனையில் செலவழித்திருக்கலாம்.

அதன் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதில் கொடுமை. பழகிய கை, சதுரம் தோன்றும் என்ற நம்பிக்கையில், மூலையின் அருகே கொண்டுபோய் அழுத்திவிடுகிறது. திரையில் இரண்டு சுவர்க் கோடுகளும் கூடியதாகவே தெரியும். தாளில் அச்சிட்டாலும் கூடியதாகவே தெரியும். மறுநாள், அந்த அறைக்குள் ஹேட்ச் என்னும் கோட்டு நிரப்பை இட முயலும்பொழுது, எல்லை மூடவில்லை என்று மென்பொருள் மறுக்கும். சக்கரத்தை உருட்டி உருட்டி, மூலை திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு அருகே போன பிற்பாடுதான், இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமான பிளவு ஒன்று பளிச்சென்று தெரியும். அப்படி எத்தனை மூலைகள், எத்தனை மாடிகளில்? அன்று எஸ்கேப் அழுத்திய பின் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் சந்தேகிக்கவேண்டியதாகிறது.

ஒரு விருப்பம் எங்கே சேமித்து வைக்கப்படுகிறது என்பதிலும் இந்த விவகாரத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இத்தகைய விருப்பங்களைத் தாங்கும் ஆட்டோகேடின் சிஸ்டம் வேரியபிள்கள் நூற்றுக்கணக்கானவை; அவற்றுள் சில படத்தின் கோப்புக்குள்ளேயே வாசம் செய்கின்றன; சில அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் பயனருடைய பெயரின்கீழ் வாழ்கின்றன; சில எங்கும் எழுதப்படாமல் மென்பொருளை மூடியதும் மறைந்துவிடுகின்றன. எந்தக் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாத வரையில், மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று ஒருவரும், வேறு படத்தைத் திறந்து பாருங்கள் என்று இன்னொருவரும் சொல்ல, இரண்டும் சில நாள் பலித்துச் சில நாள் பலிக்காமல், மாந்திரீகம்போல் ஆகிவிடுகிறது. நிறையப் படங்களை ஒரே மூச்சில் அச்சிடும் ஸ்கிரிப்ட் ஒன்று, இடையிடையே கோப்புப் பெட்டி எழுந்து வழிமறிக்காமல் இருப்பதற்காக ஃபைல்டயா என்ற வேரியபிளைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பாதியில் நின்றுபோனால், அது ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும் மதிப்பாகையால், மறுநாள் காலையில் புதிதாகத் திறந்தாலும், ஓப்பன் என்று சொன்னவருக்கு வழக்கமான பெட்டி வராது. திறக்கவேண்டிய கோப்பின் பெயரைத் தட்டும்படி கமாண்ட் லைன் கேட்டுக்கொண்டு நிற்கும். பத்து வருஷம் அனுபவமுள்ளவரும் ஒரு கணம் திகைக்கும் காட்சி அது.

படத்துக்குள் வாசம் செய்பவை இன்னும் சுவாரஸ்யமானவை. கோடு கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் மட்டுமே போகவேண்டும் என்ற ஆர்த்தோ, புள்ளிக்கோடுகளின் இடைவெளியை ஆளும் எல்டிஸ்கேல், படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பும்பொழுது எழுத்துகளும் திரும்பவேண்டுமா என்று தீர்மானிக்கும் மிர்டெக்ஸ்ட் ஆகியவை இந்த வகை. இன்னொருவர் அனுப்பிய படத்தைத் திறக்கும்பொழுது நாம் அவருடைய கோடுகளை மட்டும் திறப்பதில்லை. அவர் கடைசியாக மூடிவைத்தபொழுது அவர் கை எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையையும் சேர்த்தே திறக்கிறோம். முன்பின் பார்த்திராத ஒருவருடைய பழக்கத்துக்குள் நம் விரல்கள் போய் நுழைகின்றன.

எல்லாவற்றிலும் பாரதூரமானது அலகு பற்றிய அமைப்பு. கட்டடக்கலைஞர் அடி அங்குலத்தில் சிந்தித்து வரைந்த வீட்டுப் படம், கட்டமைப்புப் பொறியாளரிடம் மில்லிமீட்டரில் போய்ச் சேர்வது நம் ஊர்களில் அன்றாட நடப்பு; ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சரியாகப் பெருக்கினால் 228.6 மில்லிமீட்டர், ஆனால் எல்லாரும் 230 என்றே வரைகிறார்கள், அதைத் திரும்ப அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 9.055 என்று அளவுக்கோட்டின்மேல் ஒரு விசித்திரமான எண் வந்து நிற்கும். இன்ஸ்யூனிட்ஸ் என்ற வேரியபிள், ஒரு படத்துக்குள் இன்னொரு படத்திலிருந்து ஒரு கதவையோ தூணையோ பிளாக்காகக் கொண்டுவரும்பொழுது, இரண்டின் அலகையும் ஒப்பிட்டு 25.4ஆல் பெருக்கவோ வகுக்கவோ செய்கிறது. பெருக்கம் தவறினால் கதவு வீட்டைவிடப் பெரிதாக வந்து நிற்குமாதலால் உடனே பிடிபட்டுவிடும். அவ்வளவு பெரிய பிழை ஒருவகையில் உபகாரிதான். பயப்படவேண்டியது சிறிய பிழைக்கு. அமெரிக்காவில் நில அளவைக்கென்று தனியாக ஓர் அடி நெடுங்காலம் வழங்கிவந்தது. மற்ற அடி துல்லியமாக 0.3048 மீட்டர் என்றால், அளவை அடி 1200ஐ 3937ஆல் வகுத்த மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஓர் அறையை அளந்தால் அது தெரியப்போவதில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் ஆயத்தொலைவு முறையில் மூலப்புள்ளியிலிருந்து இருபது லட்சம் அடி தூரத்தில் உள்ள பாலத்தின் படத்தை, ஒரே பட்டியலில் நிற்கும் இரண்டு அடிகளில் தவறானதைத் தேர்ந்து திறந்துவிட்டால், பாலம் நான்கு அடி தள்ளி நிற்கும். 2022ஆம் ஆண்டின் முடிவோடு அந்த அளவை அடியை அந்நாட்டு அரசு வழக்கொழித்துவிட்டது. பழைய படங்களுக்குள் அது இருந்துகொண்டுதான் இருக்கிறது.

விசையையும் மவுஸையும் பற்றிய விருப்பங்கள் இவற்றைப்போல் ஆபத்தானவை அல்ல என்று தோன்றலாம். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கோட்டின் தொடக்கத்தை 1000,1000 என்று கொடுத்துவிட்டு, அடுத்து 5000,3000 என்று தட்டுகிறோம். கோடு எங்கே போய் முடியும்? ஆட்டோகேட் 2006 பதிப்பில் அறிமுகமான, டைன்மோட் ஆளுகிற டைனமிக் இன்புட், அம்புமுனையின் பக்கத்திலேயே எண்களைத் தட்டச்செய்வது, இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டாம் புள்ளியை முதற்புள்ளியிலிருந்து எண்ணுவதே அதன் இயல்பான ஏற்பாடாகையால், கோடு 6000,4000இல் முடியும். அது அணைந்திருந்தால், அதே விசைகள் அதே வரிசையில், மூலத்திலிருந்து எண்ணப்பட்டு, 5000,3000இல் முடியும். இரண்டுக்கும் நடுவே நிற்பது எஃப்12 என்ற ஒரு விசை. அது பின்னோக்கி அழிக்கும் விசைக்கு மேலேயே இருக்கிறது. சர்வேயிலிருந்து வந்த எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவர் திரையைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்.

வலப்பொத்தானுக்கும் இப்படி ஒரு விஷயம் உண்டு. அதைச் சட்டென்று அழுத்தி எடுத்தால் என்டர், சற்று அழுத்திப் பிடித்தால் மெனு என்று நேரத்தால் பிரித்துக்கொள்ளும் வசதி ஆட்டோகேடில் இருக்கிறது. எல்லைக்கோடாக வைத்திருப்பது 250 மில்லி செகண்டு, அதாவது கால் நொடி. வேகமான கைக்கு இது வரப்பிரசாதம். அதே இருக்கையில் மாலையில் வந்து உட்காரும் நிதானமான கைக்கோ, அழுத்தும்தோறும் மெனு விரிந்து வழியை அடைக்கும். எவருடைய கால் நொடி அது என்று அந்த மனிதருக்குத் தெரிய வழியில்லை. சக்கரத்தின் கதை தனி: முன்னால் உருட்டினால் ஆட்டோகேடில் படம் நெருங்கி வரும், சாலிட்வொர்க்ஸில் விலகிப் போகும், இரண்டிலும் திசையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இரண்டையும் புழங்குகிறவர் ஒன்றை மற்றதற்கு ஒப்ப அமைத்துக்கொள்கிறார், புதுப்பதிப்பு நிறுவப்பட்ட நாளில் அந்த ஒப்பந்தம் முறிந்துபோகிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி நிலைபெற்ற தமிழ்99 விசைமுறையில், வரைபடத்தின் ஓரத்தில் மனையின் விவரத்தை எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பாமல் கோடு வரையப் போனால், எல் விசை 'த' என்கிறது, எம் விசை 'ர' என்கிறது. அப்படியொரு கட்டளை இல்லையென்று மென்பொருள் கைவிரிக்கிறது. தீங்கற்ற வகை இது. காரணம் கண்ணெதிரே எழுத்தாக நிற்கிறது.

கண்ணெதிரே நிற்பதுதான் எல்லா வித்தியாசத்தையும் உண்டாக்குகிறது. 2019 ஜூலையில் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளின் 2.80 பதிப்பு வந்தபொழுது, ஆண்டாண்டுகளாக வலப்பொத்தானால் தேர்ந்தெடுத்துவந்த வழக்கத்தை இடப்பொத்தானுக்கு மாற்றினார்கள். பழைய கைகளுக்கு அது எவ்வளவு பெரிய உபத்திரவமாக இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் செய்ததை வெளிப்படையாகச் செய்தார்கள், பகிரங்கமாக விவாதித்தார்கள், முதன்முதல் திறக்கும்பொழுதே எந்தப் பொத்தான் வேண்டும் என்று கேட்டார்கள், பழைய வழக்கத்தை விரும்புகிறவர்களுக்கு அதை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தார்கள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தெரிந்த மாற்றத்தோடு சண்டையிடலாம், இணங்கலாம், ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளவும் செய்யலாம்.

ஆட்டோகேடின் 2016 பதிப்பில் இதற்கு ஒரு பரிகாரம் தேடினார்கள். சிஸ்வார்மானிட்டர் என்ற காவற்காரன் ஒருவனை அமர்த்தி, நாம் பட்டியலிட்டுத் தரும் வேரியபிள்களில் ஏதாவது நம் விருப்பத்திலிருந்து பிறழ்ந்தால் உடனே அறிவிக்கவும், ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கவும் செய்தார்கள். பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை; இருந்தும் பலர் அதை அறிந்துகொள்ளாமலே இருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது. ஆனால் அந்தக் காவற்காரன், இன்ன பொருள் இடம் மாறியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறான். உள்ளே வந்தவர் யார் என்று சொல்வதில்லை. பொத்தானில் பட்ட விரலா, அறுந்துபோன நிரலா, திறந்த படமா, புதிய பதிப்பா? அது தெரியாத வரையில், திருத்தியது நாளைக்கும் மாறும். இந்த அஜாக்கிரதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அத்தாட்சியும் உண்டு: 2012இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஆட்டோலிஸ்ப் மொழியிலேயே எழுதப்பட்ட மெட்ரே என்ற தீநிரல், பெரும்பாலும் பெரு நாட்டில், படங்கள் இருந்த கோப்புறைகளின் வழியே பரவி, பல்லாயிரக்கணக்கான வரைபடங்களைச் சீனாவிலுள்ள மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது. படத்தோடு வந்த நிரலை, யாருடையது என்று கேளாமல் ஓடவிடுவதே அந்நாள் வழக்கமாயிருந்தது. 2014 பதிப்பு முதல்தான், நம்பத்தக்க இடம் என்று நாம் குறித்துக்கொடுத்த கோப்புறைகளுக்கு வெளியிலிருந்து வரும் நிரலை ஓட்டுமுன் மென்பொருள் நம் சம்மதத்தைக் கேட்கிறது. திருட்டுக்கு எதிராகக் கேட்கத் தொடங்கிய அந்தக் கேள்வியை, சாதாரண மாற்றங்களுக்கும் சற்று விரித்து, இன்ன மதிப்பை இன்ன நிரல் இன்ன நேரத்தில் மாற்றிற்று என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்; மதிப்பு மாறும் க்ஷணத்தை அறிகிற மென்பொருளுக்கு, எந்தக் கட்டளை அப்பொழுது ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தெரிந்ததே.

மென்பொருள் அதைச் செய்யாத வரையில், அலுவலகங்கள் தங்களாலானதைச் செய்துகொள்கின்றன. ஒவ்வொரு படம் திறக்கும்பொழுதும் தானே ஓடும் ஏகேட்டாக் என்ற லிஸ்ப் கோப்பில், அலுவலகத்துக்கு உகந்த மதிப்புகளையெல்லாம் எழுதிவைத்துவிட்டால், எவர் என்ன கலைத்திருந்தாலும் அடுத்த படம் திறக்கும்பொழுது எல்லாம் நேராகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வரைவகத்தில் அப்படித்தான் செய்தார்கள். பிக்ஆட், ஃபைல்டயா எல்லாம் அடங்கின; முறையீடுகள் நின்றன. ஆனால் கோப்பை எழுதிய மூத்தவர், உற்சாகத்தில், சக்கரம் உருளும் திசை, அம்புமுனைக் குறுக்குக்கோட்டின் நீளம், வலப்பொத்தானின் நடத்தை ஆகியவற்றையும் அதில் சேர்த்துவிட்டார். இடக்கையால் மவுஸைப் பிடிக்கும் பெண் ஒருவர் அங்கே வேலை செய்தார். அவர் தம் கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டதெல்லாம் ஒவ்வொரு படத்தைத் திறக்கும்போதும் அழிந்துபோயிற்று. அவர் மூத்தவரிடம் போய், "சார், படத்துக்கு வேண்டியதை நீங்க வைங்க, என் கைக்கு வேண்டியதை என்கிட்ட விட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டார். அந்த மூத்தவர் அதை மரியாதையோடு ஏற்று, கோப்பைப் பிரித்தார். அலகு, லேயர், எல்டிஸ்கேல், மிர்டெக்ஸ்ட் முதலியன, படம் யார் கைக்குப் போனாலும் ஒன்றாயிருக்கவேண்டியவை, அலுவலகத்தின் பங்கு. சக்கரம், குறுக்குக்கோடு, வலப்பொத்தான், கால் நொடி ஆகியவை அவரவருடைய ஸ்வாதீனம்.

ஓஎஸ்மோடில்தான் பிரிவினை நிற்கவில்லை. பற்றும் இடங்களைத் தேர்வது கையின் உரிமை என்று இளையவர்கள் வாதிட்டார்கள். அதில் 512 என்ற எண்ணுக்குரிய நியரஸ்ட், கோட்டின்மேல் எந்த இடத்தையும் பற்றிக்கொள்வது, எப்பொழுதும் இயங்கிக்கொண்டிருந்தால், நுனி என்று நினைத்து நுனிக்கு ஒரு மயிரிழை இப்பால் பற்றிய கோடுகள் படம் நிறைய விழும், அது படத்தின் உண்மையைக் கெடுப்பதாகையால் அலுவலகத்தின் விஷயம் என்று மூத்தவர் சொன்னார். கடைசியில், அந்த ஒரு 512 மட்டும் கூட்டலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விடும்படி நிரலைத் திருத்தி, கழித்ததைக் கமாண்ட் லைனில் ஒரு வரியாகச் சொல்லவும் செய்தார்கள். நியரஸ்ட் வேண்டுமென்கிற இருவர் இன்றுவரை சம்மதிக்கவில்லை. ஆனால் தங்கள் 512 எங்கே போயிற்று என்று அவர்கள் எவரையும் கேட்கவேண்டியதில்லை.